பேச்சுக்கு ஒரு படிப்பா?

மகளே,

ஸலாம் சொல்லிவிட்டு நேராக என் மானம் போன கதைக்கு வந்துவிடுகிறேன். நீ அதை இதற்குள் உன் வீட்டில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்திருப்பாய். ஆனால் பாதிக் கதைதான் உனக்குத் தெரியும். செப்டம்பரில் உன் பல்கலைக்கழகத்தின் முதல் நாள். நீ காரை நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தாய். உன் சான்றிதழ் ஃபைலைக் கையில் பிடித்தபடி நான் முன்னால் இறங்கி உள்ளே போனேன். வாசலில் ஒரு பெண் சிரித்த முகத்தோடு, "நியூ ஸ்டூடன்ட்?" என்று கேட்டாள். துபாய் சத்வாவில் நாற்பது வருடம் துணிக்கடையில் நின்றவன் நான். சிரித்துக்கொண்டு யார் எதைக் கேட்டாலும் முதலில் "யெஸ்" என்றுதான் வாயில் வரும். சரக்கு இருக்கிறதா இல்லையா என்று அப்புறம்தான் தேடுவேன். அவள் என் கழுத்தில் ஒரு அட்டையை மாட்டினாள். ஒரு பையும் பேனாவும் தண்ணீர் பாட்டிலும் கொடுத்தாள். பெரிய படிப்பு நடக்கிற இடத்தில் தகப்பன்மாரை இப்படித்தான் கௌரவிப்பார்கள் போலிருக்கிறது என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உள்ளே போனேன்.

உள்ளே நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். வயது ஏறிய பிறகு படிக்க வந்தவர்களுக்கான அறிமுகக் கூட்டம் அது என்று எனக்கு என்ன தெரியும்? ஒவ்வொருவராக எழுந்து, பெயரையும் ஏன் திரும்பப் படிக்க வந்தோம் என்பதையும் சொன்னார்கள். பிலிப்பைன்ஸ் பெண் ஒருத்தி அழுதுகொண்டே சொன்னாள். சூடான்காரர் ஒருவர் கைக்குட்டையை எடுத்தார். அடுத்தது என் முறை. எஸ்.எஸ்.எல்.சி.யில் இங்கிலீஷை இரண்டாவது தடவையில் தாண்டியவன் எழுந்து நின்றேன். பெயரைச் சொன்னேன். ஏன் வந்தேன் என்பதற்கு, "மை டாட்டர் இஸ் பார்க்கிங் தி கார்" என்றேன். எல்லோரும் கை தட்டினார்கள். பக்கத்தில் இருந்த சூடான்காரர் என் தோளைத் தட்டி, "யூ ஆர் வெரி பிரேவ்" என்றார். அப்போதுதான் நீ வாசலில் வந்து நின்றாய். "வாப்பா, அது என் நாற்காலி" என்றாய். துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு நீ சிரித்த சிரிப்பு இருக்கிறதே, உனக்கு முப்பத்தேழு வயது என்று யாரும் சொல்லமாட்டார்கள். பேனாவையும் பாட்டிலையும் நான் திருப்பிக் கொடுக்கவில்லை. இந்தக் கடிதத்தை அந்தப் பேனாவில்தான் எழுதுகிறேன்.

போன வெள்ளிக்கிழமை மத்தியானம் ஷார்ஜா ரோலாவில் நம் வீட்டுக்கு நீ சாப்பிட வந்தபோது அந்தச் சிரிப்பைக் காணோம். உடற்கூறு பாடத்தில் அறுபது வேண்டிய இடத்தில் முப்பத்தெட்டு வாங்கியிருக்கிறாய் என்றாய். மறுதேர்வு எழுதலாமாம், ஆனால் எழுதி என்ன ஆகப்போகிறது என்றாய். பழைய ஆபீசில் உன் இடத்துக்கு இன்னும் ஆள் வைக்கவில்லை, வருவதானால் அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல் என்று மேனேஜர் கேட்டிருக்கிறார் என்றாய். பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டே, "வாப்பா, நீங்களே சொல்லுங்க. பேசாம திரும்பிப் போயிரவா?" என்று கேட்டாய். நான், "தயிர் போடவா?" என்று கேட்டேன். நேரில் கேட்டால் தயிர், போனில் கேட்டால் நக்கல் என்று என் பிழைப்பு ஆகிவிட்டது. அதனால்தான் தாளை எடுத்தேன்.

முதலில் முப்பத்தெட்டைப் பற்றிச் சொல்கிறேன். ஃபெயில் ஆவதில் இந்த வீட்டில் என்னை மிஞ்ச நீ இன்னும் நிறையப் பாடுபட வேண்டும். டிரைவிங் டெஸ்டில் நான் ஏழு தடவை விழுந்தவன். அப்போது உனக்கு ஐந்து வயது. இந்த ஊரில் லைசென்ஸை முதல் தடவையிலேயே வாங்கியவனை மற்றவர்கள் சந்தேகமாகத்தான் பார்ப்பார்கள், அது வேறு விஷயம். ஆனால் ஏழு என்பது நம் ஆட்களுக்கே கொஞ்சம் அதிகம். டெஸ்ட் எடுக்கிற அரபி போலீஸ்காரர் பக்கத்தில் உட்காருவார். நான் பின்னால் எடுப்பேன். எல்லைக்கு வைத்திருக்கிற டிரம்மில் 'டம்' என்று ஒரு சத்தம் கேட்கும். அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "கலாஸ்", முடிந்தது, என்பார். அந்த ஒரு வார்த்தையை ஏழு விதமாகச் சொல்ல முடியும் என்று அவரிடம்தான் கற்றேன். வீட்டுக்கு வந்தால் உன் உம்மா ரிசல்ட் கேட்கமாட்டாள். நான் செருப்பைக் கழற்றுகிற விதத்தைப் பார்த்துவிட்டு, "டீ போடவா மச்சான்?" என்பாள். நம் பக்கத்துப் பெண்கள் புருஷனை மச்சான் என்று கூப்பிடுவது அன்பினால்தான் என்றாலும், டிரம்மில் இடித்துவிட்டு வந்த நாளில் அதைக் கேட்டால் வேறு மாதிரி இருக்கும்.

மூன்றாவது தடவை விழுந்ததும் நான் விட்டுவிட்டேன். ஷார்ஜாவிலிருந்து துபாய்க்கு பஸ் இருக்கிறது, நமக்கு என்ன கார் வேண்டிக்கிடக்கிறது என்று வீட்டில் பிரசங்கம் செய்தேன். பிறகு ஏன் நான்காவது தடவை போனேன் தெரியுமா? தைரியம் வந்து போகவில்லை. டிரைவிங் ஸ்கூல் வேன் கீழே வந்து ஹாரன் அடித்தது. 'நான் வரவில்லை' என்று அந்த வேன் டிரைவரிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. ஏறிவிட்டேன். ஊரில் தைரியசாலி என்று பெயர் வாங்கியவர்களில் பாதிப் பேர் இப்படி வெட்கப்பட்டு ஏறியவர்களாகத்தான் இருப்பார்கள் என்பது என் எண்ணம். எனவே உனக்கு தைரியம் வருகிற வரைக்கும் காத்திருக்காதே. எட்டாவது தடவை நான் தேறினேன். உன் உம்மா இன்றுவரை என் காரில் முன் சீட்டில் உட்கார்ந்ததில்லை, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஆபீஸ் விஷயத்துக்கு வருகிறேன். நீ கணக்கர் வேலையை விடப்போகிறேன் என்று சொன்னபோது பத்து நாள் நான் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிந்தேன். என் தம்பி, உன் சின்னவாப்பா வேறு தேராவிலிருந்து போன் போட்டு, "காக்கா, புள்ள பட்டம் வாங்குறப்ப மூக்குக்கண்ணாடிய போட்டுக்கிட்டுத்தான் பட்டத்தைப் படிக்கணும்" என்று எரிகிறதில் எண்ணெய் ஊற்றினான். வருமானம் போகிறதே என்று நான் கோபப்பட்டதாக நீ நினைத்திருப்பாய். அது இல்லை. என் விசாவில் என்ன எழுதியிருக்கிறது என்று உனக்குத் தெரியும். தையல்காரர். அந்தக் காலத்தில் எனக்கு விசா கொடுத்த கஃபீலிடம் அந்த ஒரு தொழிலுக்குத்தான் இடம் மிச்சமிருந்தது. சட்டைப் பித்தான் அறுந்தால் உன் உம்மாவிடம் நீட்டுகிறவன் நாற்பது வருடமாக இந்த நாட்டின் தாள்களில் தையல்காரன். உன் சின்னவாப்பா டிரைவர் விசாவில் வந்து ஹோட்டலில் புரோட்டா போட்டவன். நம் குடும்பத்தில் விசா ஒன்று சொல்லும், கை வேறொன்று செய்யும்.

அதனால் நீ நாலாவது படிக்கும்போது நடந்த கூத்து உனக்கு நினைவிருக்கும். பள்ளிக்கூட ஃபாரத்தில் தகப்பன் தொழில் என்ற இடத்தில், அரசாங்கத் தாளில் ஒன்று பள்ளித் தாளில் ஒன்று என்றால் மாட்டிக்கொள்வோமோ என்று பயந்து, தையல்காரர் என்றே எழுதிவிட்டேன். ஆண்டுவிழா வந்தது. உன் டீச்சர் ஒரு மூட்டை பச்சைத் துணியை உன்னிடமே கொடுத்து அனுப்பினார். பன்னிரண்டு கிளி உடுப்பு தைத்துத் தர வேண்டுமாம். நான் அந்த மூட்டையோடு சத்வாவில் நம் கடைக்கு அடுத்திருந்த பாகிஸ்தான் மாஸ்டரிடம் போய் நின்றேன். "பாய், விசா மே டெய்லர் தும் ஹோ, மே நஹி", விசாவில் டெய்லர் நீதான், நான் இல்லை என்று அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். உடம்பையும் இறக்கையையும் அவர் தைத்தார். வால் மட்டும் நீதான் தைக்க வேண்டும், அப்போதுதான் ஹலால் என்று என் கையில் ஊசியைக் கொடுத்துவிட்டார். பன்னிரண்டு வால்களை நானே தைத்தேன். மேடையில் நாலு வால் விழுந்தது. அதில் ஒன்று உன்னுடையது. வாலைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கி வந்து, "வாப்பா, நீங்க நெஜ டெய்லர் இல்லையா?" என்று கேட்டாய். "டெய்லர்தாம்மா, விசாவுல மட்டும்" என்றேன்.

இப்போது யோசித்துப் பார். அப்படிப்பட்ட குடும்பத்தில், விசாவில் என்ன எழுதியிருந்ததோ அந்த வேலையையே செய்த முதல் ஆள் நீ. அக்கவுண்டன்ட் என்று எழுதியிருந்தது, ஆபீசுக்குப் போனால் நீ அக்கவுண்டன்ட்தான். உன் கார்டை நான் போட்டோ எடுத்துவைத்து எத்தனை பேரிடம் காட்டினேன் தெரியுமா? அந்த வரியை நீயே அழித்துவிட்டு வீட்டுக்காரர் விசாவுக்கு மாறுகிறேன் என்றதும் எனக்கு வயிறு எரிந்தது. புது விசாவில் 'இல்லத்தரசி, வேலை செய்ய அனுமதியில்லை' என்று வந்ததே, அதை நீ ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் அப்போதும், "பாத்தியா, நான் சொன்னேன்ல" என்றேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. பதினாலு வருடம் அந்த வரி உண்மையாக இருந்தது. ஆனால் அந்த வரியைப் படித்து நீ ஒரு நாளாவது சந்தோஷப்பட்டாயா என்று நான் கேட்டதே இல்லை. நான் பட்ட சந்தோஷமே இரண்டு பேருக்குப் போதும் என்று இருந்துவிட்டேன்.

நீ சந்தோஷப்பட்டதை நான் கண்ணால் பார்த்த இடம் வேறு. இரண்டு வருடத்துக்கு முன் உன் உம்மாவுக்கு மூளையில் ரத்தம் கட்டி, வலது கை தளர்ந்து, பேச்சு சுத்தமாக நின்றுபோயிற்று. வாரம் இரண்டு நாள் கராமாவில் அந்த எகிப்துப் பெண்ணிடம் பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். தங்கமான பெண். ஆனால் அவள் கையில் இருந்த படங்களெல்லாம் பனிப்பொம்மையும் ஸ்ட்ராபெர்ரியும்தான். உன் உம்மா பேந்தப் பேந்த விழித்தாள். அவளுக்கு அறிவே போய்விட்டது என்று நினைத்து நான் வராண்டாவில் போய் நின்றேன். நீதான் வெளியே வந்து, "உம்மாவுக்கு ஒண்ணும் ஆகல வாப்பா. பனிப்பொம்மைய உம்மா எங்க பாத்தாங்க? கருவாட்டக் காட்டச் சொல்லுங்க, கண்ணு எப்டி விரியுதுன்னு பாருங்க" என்றாய். அன்று சாயங்காலமே வீட்டில் தோசைச்சட்டியை, முருங்கைக்காயை, கருவாட்டை, என் வெற்றிலைப் பெட்டியை எல்லாம் போட்டோ எடுத்தாய். ஆடு, மாடு, கழுதை படங்களை எங்கிருந்தோ தேடிச் சேர்த்தாய். எல்லாவற்றையும் அட்டையாக்கிக்கொண்டு போனாய்.

அடுத்து நடந்ததை நான் எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுக்காது. அந்தப் பெண் கழுதைப் படத்தைக் காட்டினாள். உன் உம்மா படத்தைப் பார்த்தாள். திரும்பி என்னைப் பார்த்தாள். மறுபடி படத்தைப் பார்த்தாள். மூன்று மாதமாக ஒரு சொல் வராத வாயிலிருந்து, கணீரென்று, "மச்சான்" என்று வந்தது. நீ நாற்காலியை விட்டு எழுந்து குதித்தாய். அழுகிறாயா சிரிக்கிறாயா என்று தெரியவில்லை. அந்தப் பெண் ஆர்வமாக, "மச்சான் மீன்ஸ் டாங்கி?" என்று கேட்டுத் தன் நோட்டில் எழுதிக்கொண்டாள். நீ, "யெஸ், சம்டைம்ஸ்" என்றாய். அதற்குப் பிறகு எத்தனையோ வாரம் அவள் கழுதைப் படத்தைத் தூக்கிக் காட்டி, "மச்சான்?" என்று கேட்டாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் அவள் உன்னிடம், இந்த ஊரில் உங்கள் பாஷைக்காரர்கள் இவ்வளவு பேர் இருக்கிறார்கள், அவர்கள் பாஷையில் இதைச் செய்ய எனக்குத் தெரிந்து ஒருவரும் இல்லை, வீட்டில் உதவாத வார்த்தைகளைச் சொல்லிக்கொடுத்து அனுப்புகிறேன் என்று சொன்னாள். திரும்பி வரும்போது காரில் நீ அந்தக் கழுதை அட்டையை மடியிலேயே வைத்திருந்தாய். அன்றே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

இப்போது உன் உம்மா நிறையவே பேசுகிறாள். உப்புக்கு 'சனிக்கிழமை' என்கிறாள், அவ்வளவுதான். குழம்பை வாயில் வைத்துவிட்டு "சனிக்கிழமை பத்தல" என்பாள். நான் உப்பை எடுத்துக் கொடுப்பேன். நான் முகத்தைத் தூக்கிவைத்திருந்த அந்தப் பத்து நாளில் பத்தாவது நாள் அவள் என்னைக் கூப்பிட்டாள். அப்போது ஒவ்வொரு சொல்லும் அவளுக்கு மூட்டை தூக்குகிற மாதிரி. "அவ... படிக்கட்டும்" என்றாள். கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "மச்சான்" என்றாள். என்னைக் கூப்பிட்டாளா, அல்லது அந்த எகிப்துப் பெண்ணின் நோட்டில் இருக்கிற அர்த்தத்தில் சொன்னாளா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. எந்த அர்த்தமாக இருந்தாலும் பொருத்தமாகத்தான் இருந்தது.

இனி நான் செய்த தப்புக்கு வருகிறேன். பேச்சு நின்றவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற இந்தப் படிப்பு உனக்கு முப்பத்தேழு வயதில் தோன்றியது அல்ல. பதினெட்டு வயதிலேயே நீ இதைத்தான் கேட்டாய். மெட்ராஸில் ஒரு கல்லூரிக்கு விண்ணப்பம் பூர்த்தி செய்து, கையெழுத்து வாங்கக் கடைக்கே கொண்டுவந்தாய். நான் தாளில் 'ஸ்பீச்' என்ற சொல்லை மட்டும் பார்த்தேன். எனக்குத் தெரிந்த ஸ்பீச் மைக் பிடித்துப் பேசுவதுதான். "பேச்சுக்கு ஒரு படிப்பா? நம்ம வீட்ல யாரும்மா பேசாம இருக்கா? கட்சிக் கூட்டத்துக்கு அனுப்பவா உன்னப் பெத்தேன்?" என்றேன். கடையே சிரித்தது. எனக்குச் சிரிப்பு மூட்ட வாய்ப்புக் கிடைத்தால் விடமாட்டேன் என்பது உனக்குத் தெரியும். ஒரு வாரம் வருகிற வாடிக்கையாளரிடமெல்லாம் சொன்னேன். நீயும் சிரித்தாய். அதனால் உனக்கு வலிக்கவில்லை என்று எடுத்துக்கொண்டேன். சிரிக்கிற பிள்ளைக்கு வலிக்காது என்று நினைப்பது என்னைப் போல வாயாடித் தகப்பன்களுக்கு இருக்கிற வியாதி.

கையெழுத்துப் போட்டேன். லீவில் ஊருக்குப் போனபோது நேர்முகத் தேர்வுக்குப் போய்விட்டு வந்தாய். பிறகு காத்திருந்தாய். இந்த நாட்டில் தபால் வீட்டுக்கு வராது. கடையின் தபால் பெட்டி எண்ணுக்குத்தான் வரும், அதன் சாவி என்னிடம் இருந்தது. தினமும் நான் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள், "வாப்பா, பொட்டி பாத்தீங்களா?" என்று கேட்பாய். நான், "மாஃபி" என்பேன். இல்லை என்பதை அரபியில் சொன்னால் கொஞ்சம் விளையாட்டாக இருக்கும் என்று அப்படிச் சொல்வேன். ஒரு மாதம் போல மாஃபி, மாஃபி. பிறகு நீ கேட்பதை நிறுத்தினாய். பி.காம். சேர்ந்தாய். நல்ல மார்க் வாங்கினாய். நான் இனிப்பு வாங்கிக் கடைக்கெல்லாம் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை சாப்பிட்டு முடித்து நீ கிளம்பும்போது லிஃப்ட் வரைக்கும் வந்தேன். லிஃப்ட் வர நேரமானது. நீ என்னைப் பார்க்காமல் பட்டனைப் பார்த்துக்கொண்டு சொன்னாய்: "பதினெட்டு வயசுலயே இந்தப் படிப்பு என்னை வேணாம்னு சொல்லிருச்சு வாப்பா. எனக்கு வராதுன்னு அவங்களுக்கு அப்பவே தெரிஞ்சிருக்கு. எனக்குத்தான் இவ்ளோ வருஷம் கழிச்சும் புத்தி வரல." லிஃப்ட் வந்தது. நான், "வீடு போய்ச் சேந்ததும் ஒரு மிஸ்டு கால் குடும்மா" என்றேன். கதவு மூடிக்கொண்டது.

மகளே, முப்பத்தெட்டு மார்க்குக்காக நீ திரும்பிப் போனால் நான் தாங்கிக்கொள்வேன். மார்க் உன்னுடையது, முடிவும் உன்னுடையது. ஆனால் வேறொருவன் சொன்ன பொய்யை நம்பி நீ திரும்பிப் போகக் கூடாது. அதனால் லிஃப்ட் வாசலில் என் நாக்கு நுனி வரைக்கும் வந்து நான் சொல்லாமல் விழுங்கியதை எழுதிவிடுகிறேன். படித்து முடித்துவிட்டு எவ்வளவு வேண்டுமானாலும் என்னைத் திட்டு. ஞாயிற்றுக்கிழமை உன் மேனேஜருக்கு என்ன பதில் சொல்வது என்பதை அதற்குப் பிறகு யோசி.

நான் மாஃபி சொன்ன நாட்களில் ஒருநாள் சொன்னது பொய். அன்று பெட்டியில் கடிதம் இருந்தது. கடைக்குப் பின்னால் நின்று நாலு தடவை படித்தேன். உன்னை நாலு வருடம் மெட்ராஸுக்கு அனுப்பிவிட்டு, வேலை முடிந்து வந்து யார் கேள்விக்குப் பதில் சொல்வேன் என்று எனக்குத் தெரியவில்லை. வெட்டுத்துணிக் குப்பையோடு சேர்த்து அதைப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். உனக்கு இடம் கிடைத்திருந்தது, மகளே. பட்டியலில் நான்காவது பெயர் உன்னுடையது.